படம் எடுக்கிறதுக்கு எதுக்குக் காலேஜ்?

எங்க கம்பம் பள்ளத்தாக்குல முதல் போகத்துக்குத் தண்ணி வந்துருச்சு. நாத்தங்கால், உழவுன்னு ஓடிக்கிட்டிருந்ததால ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. இன்னைக்கு எழுத வந்தது நெல்லைப் பத்தி இல்ல, எங்க பங்காளி மகனைப் பத்தி.

பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டான், நல்ல மார்க்கு. போட்டோகிராபிதான் படிப்பேன்னு வீட்டுல சொல்லிட்டான். அதுவும் மலை, வயல், மேகம், ஆறு இதையெல்லாம் படம் எடுக்கிறதுதான் அவனுக்குப் பிடிச்சது. அவங்க அப்பன் என்கிட்ட வந்து, "அண்ணே, நீ சொன்னா கேப்பான். ரெண்டு ஏக்கரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? வேலை கிடைக்கிற படிப்பாப் படிக்கச் சொல்லு"ன்னான்.

நானும் புத்தி சொல்லத்தான் போனேன். "ஏன்டா, இது கைப்பழக்கத்துல வர்ற தொழில். நீதான் இப்பவே நல்லா எடுக்குறியே, காலேஜ் எதுக்கு?"ன்னு கேட்டேன்.

அவன் எதுத்துப் பேசல. லேப்டாப்பைத் தொறந்து காட்டினான். ஊருக்கு மேற்க இருக்கிற ஒரே பாறையில நின்னு மூணு வருஷமா மாசாமாசம் எடுத்த படங்க. தூரத்துல மேகமலை, நடுவுல எங்க வயக்காடு. முதல் வருஷம் கண்ணுக்கு எட்டுன வரைக்கும் நெல்லு. அடுத்த வருஷம் ஒரு மூலையில தென்னங்கன்னு. மூணாவது வருஷம் வாய்க்காலை ஒட்டி வரிசையாப் ப்ளாட்டுக் கல்லு. நான் தினம் நடக்கிற வழிதான். ஆனா மொத்தமாப் பாத்தப்பதான் நெஞ்சுல சுருக்குன்னு பட்டுச்சு.

அசந்து போயி, "இதுக்கு மேல என்னடா படிக்கணும்?"ன்னேன்.

"பெரியப்பா, இதுல பாதிப் படம் உதவாது. சிலது காலையில எடுத்தது, சிலது சாயங்காலம். பயிரோட பச்சை மாறுச்சா, வெளிச்சம் மாறுச்சான்னு எனக்கே சொல்லத் தெரியல. அதைத்தான் படிக்கணும்"னான்.

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஏன்னா நானும் அதே தப்பைப் பண்ணினவன்தான்.

பயிரோட பச்சையைப் பாத்தே யூரியா போடுற ஆளு நான். இருபது வருஷத்துக்கு மேல அப்படித்தான். ஒரு தடவை வேளாண்மை அதிகாரி ஒருத்தர் இலை வண்ண அட்டையைக் குடுத்தாரு. வெளிர் பச்சையில ஆரம்பிச்சுக் கரும்பச்சை வரைக்கும் பட்டை பட்டையா இருக்கும். இலையை அது மேல வச்சு ஒப்புப் பாக்கணும். வெயில் நேராப் படக்கூடாது, நம்ம உடம்பு நிழல்ல வச்சுப் பாக்கணும், ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்துல பாக்கணும். பாத்தா, வெளுத்துருக்குன்னு நான் நெனச்ச பயிருக்குத் தழைச்சத்து போதுமான அளவு இருந்துச்சு. இத்தனை வருஷமும் யூரியாவை அள்ளிக் கொட்டி, பூச்சியை நானே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன். கண்ணு நல்ல கண்ணுதான். ஆனா கண்ணுக்கு ஒரு அளவுகோல் வேணும்.

இதைச் சொன்னதும் பையன் குதிச்சான். அமெரிக்காவுல ஆன்சல் ஆடம்ஸ்னு ஒருத்தர், மலைகளைக் கறுப்பு வெள்ளையில எடுத்துப் பேர் வாங்கினவர், இன்னொருத்தரோட சேந்து இதே மாதிரி கறுப்புலேருந்து வெள்ளை வரைக்கும் 11 படியாப் பிரிச்சு ஒரு முறையை உண்டாக்கினாராம். அவரு காலேஜுல போட்டோகிராபி படிச்சவர் இல்ல, பியானோ கத்துக்கிட்டவர். "பாத்தியா, அவரே படிக்கல"ன்னு அவங்க அப்பன் மடக்குனான். ஆனா அதே மனுசன்தான் 1940-கள்ல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு கலைப் பள்ளியில போட்டோகிராபித் துறையையே ஆரம்பிச்சிருக்காரு. தான் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டதை அடுத்தவன் சீக்கிரமாக் கத்துக்கட்டும்னுதான் செஞ்சிருப்பாருன்னு எனக்குத் தோணுது.

விவசாயத்தையும் வயல்லயே கத்துக்கலாம்தான். அப்புறம் எதுக்குக் கோயம்புத்தூர்ல வேளாண்மைப் பல்கலைக்கழகம்? அங்க சீட்டு கிடைச்சா ஊருக்கே மிட்டாய் குடுக்குறோம். கேமராவுக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

அதுக்காக அப்பன் பயத்தை நான் தள்ளிவிடல. நம்ம பக்கம் விஸ்காம்ங்கிற படிப்புல போட்டோகிராபி ஒரு பகுதியா வருது. தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்துல ஒளிப்பதிவு இருக்கு, ஆனா அது சினிமாவுக்கானது. காந்திநகர்ல இருக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல போட்டோகிராபிக்குன்னே மேற்படிப்பு இருக்கு. அதுக்கு முதல்ல ஒரு டிகிரி வேணும். அதனால என் யோசனை இதுதான்: அரசுக் கல்லூரியிலயோ, பீஸ் கம்மியான கல்லூரியிலயோ ஒரு டிகிரி படி. லீவுல கல்யாண வீட்டுல கேமரா தூக்கு. அதைக் கேவலமா நெனைக்காத, மலையைப் படம் எடுக்குறவனுக்கும் மூணு வேளை பசிக்கும். நுழைவுத் தேர்வுக்குத் தயாராகு. லட்சக்கணக்குல பீஸ் கேக்குற இடத்துக்காக நிலத்தை விக்கச் சொல்லாத. ப்ளாட்டுக் கல்லைப் படம் எடுத்தவன், தன் படிப்புக்காக அப்பன் வயல்ல அதே கல்லை நட வைக்கலாமா?

பையன் சரின்னுட்டான். அப்பன் இன்னும் முழு மனசா ஒத்துக்கல. ஆனா, "மேல்படிப்பை டிகிரி முடிச்சப்புறம் பாத்துக்கலாம்"னு இறங்கி வந்திருக்கான். புத்தி சொல்லப் போனவன் புத்தி வாங்கிட்டு வந்தேன்.

நாளைக்கு எங்க வயல்ல நடவு. காலையில சரியா எட்டு மணிக்குப் பாறை மேல நிப்பேன்னு சொல்லியிருக்கான். இனிமே மாசாமாசம் அதே எட்டு மணிதானாம்.