கை நுழைய ஒரு வழி

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்துவிடும். ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால்தான் எதிரே வரும் பஸ் தெரியும். அந்தக் காற்றைத் தள்ளும் புளோவர் படுத்துவிட்டால் போவது சொகுசு மட்டுமல்ல, பாதுகாப்பும்தான்.

எங்கள் பழைய காரில் புளோவரின் வேகத்தை ஒன்று, இரண்டு, மூன்றில் வைத்தால் காற்றே வரவில்லை. நாலில் வைத்தால் மட்டும் முழு வேகம். இப்படி இருந்தால் பெரும்பாலும் மோட்டார் நன்றாக இருக்கிறது, வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்தான் போயிருக்கிறது என்று பொருள். நாலாம் வேகத்தில் பேட்டரியின் 12 வோல்ட் நேரே மோட்டாருக்குப் போகும். மற்ற வேகங்களில் ரெசிஸ்டரின் சுருள் வழியாகப் போகும். அங்கே சூடு கிளம்பும். அந்தச் சூட்டை ஆற்றத்தான் அதைக் காற்றுப் பாதைக்குள்ளேயே பொருத்துகிறார்கள். அவ்வளவு உள்ளே வைத்ததற்கு நியாயம் உண்டு.

ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சாமானை எட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள கார்களில் குளோவ் பாக்ஸுக்கு மேலேதான் பயணியின் ஏர்பேக் இருக்கிறது. அதன் மஞ்சள் கனெக்டர் எதையும் தொடவே கூடாது. குளோவ் பாக்ஸைக் காலி செய்து, இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமுக்கினால் எங்கள் காரில் அது கீழே இறங்கிவிடும். பிறகு சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கால் வைக்கும் இடத்தில் தலையை வைத்துப் படுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு ஸ்குரூவை விரல் நுனியால் தேட வேண்டும். கட்டைவிரல் நீளத்துக் குட்டை ஸ்குரூ டிரைவர்தான் அங்கே நுழையும். முனையில் காந்தம் இருப்பது நல்லது.

வெளியே எடுத்துப் பார்த்தால் முனைகளில் பச்சை பூத்திருந்தது, கடலூர் உப்புக்காற்றின் வேலை. கனெக்டரில் ஒரு மூலை கருகியும் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "ரெசிஸ்டர் சும்மா எரியாது சார். மொதல்ல மோட்டாரைக் கையால சுத்திப் பாருங்க" என்றார். தூசி அடைத்து மோட்டார் இறுகினால் அதிகக் கரண்ட் இழுக்கும். ரெசிஸ்டரும் கனெக்டரும் சேர்ந்து கருகும். அதைப் பார்க்காமல் புதுசு மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும். மோட்டாரைச் சுத்தம் செய்தோம், கனெக்டரையும் மாற்றினோம். ரெசிஸ்டர் சிதம்பரத்தில் கிடைத்தது. பழையதைக் கையோடு கொண்டுபோய் பின்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் ஒப்பிட்டு வாங்கினேன்.

இப்படிப் பாகம் வெளியே கிடைப்பதே ஒரு பிரச்சினையாக இருந்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எளிதில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பில் இருந்தன. இரண்டுமே அவசியமானவை. ஆனால் கடையில் பாகம் கிடைத்தால் மட்டும் போதாது, அதை மாட்டக் கை உள்ளே போகவும் வேண்டும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

புது கார் பார்க்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். பம்பரைக் கழற்றாமல் ஹெட்லைட் பல்பை மாற்ற முடியுமா, டேஷ்போர்டைப் பிரிக்காமல் ரெசிஸ்டரை எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் சர்வீஸ் பிரிவுக்கு அழைத்துப் போய்க் காட்டச் சொல்லுங்கள்.