மாமனார் இல்லாத கல்யாணம்

மெக்சிக்கோவின் காங்க்கூனில் விமானம் இறங்கித் தெற்கே துலூம் வரை கடலோரமாகப் போனால், விடுதிக்கு விடுதி 'மாயன் முறைக் கல்யாணம்' விலைக்குக் கிடைக்கிறது. வெள்ளை மணலில் பூவிதழும் மக்காச்சோளமும் அவரை விதையும் பரப்பி ஒரு வட்டம். நடுவே மண்கலயத்தில் கொப்பல் பிசின் புகைகிறது. வெள்ளுடை அணிந்த ஒருவர் சங்கு ஊதி, நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாகத் திரும்பி, மாயன் மொழியில் வேண்டுகிறார். அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த மணமக்கள் வெறுங்காலோடு நின்று, கக்காவோ பானம் ஒரு வாய் குடித்து, மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். சட்டப்படி இந்தச் சடங்கு மட்டும் கல்யாணம் ஆகாது. 1859இல் மெக்சிக்கோ அதிபர் பெனித்தோ ஹுவாரேஸின் அரசு திருமணத்தைத் தேவாலயத்திடமிருந்து பிடுங்கிப் பதிவகத்திடம் கொடுத்துவிட்டது. அதனால் வருகிறவர்களில் பலர் சொந்த ஊரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

இதைப் போலி என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் எந்தச் சடங்கும் எப்போதோ யாரோ கோத்ததுதான். நேற்றுக் கோத்தது என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிட முடியாது. நம்மை உறுத்துவது வேறு. இந்தக் கல்யாணத்தில் திசைகள் இருக்கின்றன, நெருப்பும் நீரும் இருக்கின்றன. சம்பந்தி இல்லை.

பழைய மாயர் கல்யாணத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தியேகோ தே லாந்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி எழுதிவைத்தது. 1562இல் மானி என்ற ஊரில் மாயர்களின் மரப்பட்டைச் சுவடிகளைக் கொளுத்திய அதே ஆள். எரியாமல் தப்பி இன்று உலகில் இருப்பவை நான்கே சுவடிகள். அவற்றில் சோதிடக் கணிப்பு உண்டு, கல்யாணம் நடத்தும் முறை இல்லை. ஆகவே எரித்தவர் சொல்வதைத்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது. அவர் சொல்லும் கல்யாணம் முழுக்க முழுக்க வீட்டு விவகாரம். ஆண்மகன் தானே போய்ப் பெண் தேடுவது கேவலம். அதற்குத் தரகர்கள் இருந்தார்கள். தந்தைவழிப் பெயர் ஒன்றாக இருந்தால் பங்காளி, பெண் எடுக்க முடியாது. சீர் எவ்வளவு என்று பேசி முடித்தபின் பையனின் தாய் மணமக்கள் இருவருக்கும் உடை செய்தாள். பெண் வீட்டில் விருந்து. பூசாரி வந்து, இரு தரப்பும் யோசித்துத்தான் முடிவெடுத்தார்களா என்று விசாரித்து ஆசி சொன்னார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஐந்தாறு வருஷம் மாமனார் வீட்டோடு இருந்து அவருக்காக உழைக்க வேண்டும். உழைக்க மறுத்தால் வெளியே துரத்திவிடுவார்கள்.

லாந்தா இன்னொன்றும் சொல்கிறார். கணவனை இழந்தவளும் மனைவியை இழந்தவனும் சேர்வதற்கு விருந்து, பூசாரி எதுவும் வேண்டாம். அவன் அவள் வீட்டுக்குப் போவான். அவள் சோறு போடுவாள். அவன் சாப்பிட்டால் கல்யாணம் முடிந்தது. இவ்வளவு எளிமையை எந்த விடுதியும் விற்க முடியாது என்று தோன்றுகிறது.

காலம் மாறியது, கல்யாணமும் மாறியது. மானிடவியலாளர்கள் ராபர்ட் ரெட்ஃபீல்டும் அல்ஃபோன்சோ வியா ரோஹாஸும் 1934இல் வெளியிட்ட, யுகாத்தானின் சான் கோம் கிராமத்தைப் பற்றிய ஆய்வில் வரும் மாயர்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் பேச்சுவார்த்தை அதே பேச்சுவார்த்தைதான். பையன் வீட்டார் ரொட்டி, சாக்லேட், சிகரெட், சாராயம் எல்லாம் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு ஒரு தடவைக்குப் பல தடவை நடக்கிறார்கள். பிறகு 'முஹுல்' என்ற சீர்: தங்கச் சங்கிலி, மோதிரம், ரிப்பன். யுகாத்தான் கிராமத்துக் கல்யாணம் இன்றும் ஞானத்தாய் தந்தையர், கடன், குழியடுப்பில் வெந்த பன்றிக்கறி, இரவெல்லாம் ஆட்டம் என்று ஊரையே இழுத்துப்போடும் காரியம். தனியாக இரண்டு பேர் கடலைப் பார்த்து நின்று செய்துகொள்ளும் எதற்கும் அங்கே கல்யாணம் என்று பெயர் கிடையாது.

அப்படியானால் கடற்கரைச் சடங்கின் சரக்கு எங்கிருந்து வந்தது? வயலிலிருந்து. நான்கு திசையும் அடிப்படையில் மில்பா என்னும் சோளக்காட்டின் நான்கு மூலைகள். குழந்தையை முதன்முதலாக இடுப்பில் தூக்கும் சடங்கில்கூட ஆண்பிள்ளைக்கு நாலாம் மாதம், காட்டுக்கு நாலு மூலை என்பதால். பெண்பிள்ளைக்கு மூன்றாம் மாதம், அடுப்புக்கு மூன்று கல் என்பதால். கொப்பல் புகையும் திசை வணக்கமும் ஹ்மென் என்னும் சடங்காளியின் கைவேலை. அவர் பொறுப்பு வயலும் நோயும்; கல்யாணம் அவருடையதல்ல. அவர் நடத்துவதில் பெரியது சா சாக். மழை பொய்க்கும் கோடையில் காட்டில் பந்தலிட்டு, தேனும் மரப்பட்டையும் ஊறவைத்த பால்ச்சே கள்ளைப் படைத்து, சிறுவர்களைப் பலிமேடையின் நான்கு காலோடு கட்டித் தவளைபோலக் கத்தவைத்து, சாக் என்ற மழைக்கடவுளைக் கூப்பிடுவார்கள். விடுதிக்காரர்களோ மணமக்களுக்கு மழையில்லாத மாதமாகப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். மழையை வரவழைக்கப் பிறந்த புகை, இப்போது மழை வந்துவிடக்கூடாதே என்று அண்ணாந்து பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே எழுகிறது.

இதில் அந்த வெள்ளுடைக்காரரைக் கேலி செய்ய நாம் தயாராக இல்லை. காங்க்கூனே ஒரு அரசுத் திட்டம். 1970 வாக்கில் மெக்சிக்கோவின் மத்திய வங்கி இடம் பார்த்து முடிவு செய்தபோது அந்த மணல்திட்டில் இருந்தவர்கள் தென்னந்தோப்புக் காவலர்கள் மூன்று பேர். அங்கே எழுந்த விடுதிகளைக் கட்டவும் கூட்டவும் சமைக்கவும் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து மாயர்கள் வந்தார்கள்; அவர்கள் காட்டை விட்டு வந்ததால் பல ஊர்களில் மில்பாவும் சுருங்கியது. பள்ளிக்கூடம் பல தலைமுறையாக அடித்து மறக்கவைத்த மொழியைப் பேசினால் இங்கே கூலி தருகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் யுகாத்தான் மாயன் மொழி பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 7.7 லட்சம் பேர். அந்த மொழி கேட்கும் இடங்களில் ஒன்று கல்யாண மணல்மேடை என்றால், அதைப் பறிக்கச் சொல்ல நாம் யார்? அவருக்கு எவ்வளவு போகிறது, விடுதிக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் ஏற்கும் மாயர் கல்யாணம் ஒன்று காங்க்கூன் இருக்கும் அதே மாநிலத்தில் இருக்கிறது. 1847இல் யுகாத்தானின் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக மாயர்கள் எழுந்தார்கள். தோற்றுப் பின்வாங்கியவர்களிடம் 1850இல் கிழக்குக் காட்டில் ஒரு கிணற்றடியில் ஒரு சிலுவை பேசியது; சண்டையைத் தொடரச் சொன்னது. சான் சாந்தா குரூஸ் என்ற அந்த ஊரை மெக்சிக்கோ ராணுவம் 1901இல்தான் பிடித்தது. அந்தச் சிலுவையின் மக்கள் இன்றும் தங்கள் கோயில்களில் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். அங்கே சிலுவைக்குப் பூத்தையல் போட்ட விப்பில் என்னும் அங்கியை உடுத்துகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள், கத்தோலிக்க மன்றாட்டை மாயன் மொழியில் ஓதுகிறார்கள். இக்கோயில்களில் மாயர் பெரியவர்கள் நடத்திவைக்கும் கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் கின்தானா ரோ மாநிலத்தின் 1998ஆம் ஆண்டுப் பழங்குடிச் சட்டம் அங்கீகரிக்கிறது. கடற்கரையில் விற்கும் சரக்கில் சிலுவை கிடையாது. கொலம்பஸுக்கு முந்திய மாயன்தான் விலைபோகிறான். துப்பாக்கியும் சிலுவையும் தூக்கி அரை நூற்றாண்டு தனி நாடாக நின்றவனை விளம்பரத்தில் எங்கே வைப்பது?

2022 ஜனவரியில் மெக்சிக்கோ இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. பழங்குடிகளின் பண்பாட்டுச் செல்வம் அந்தச் சமூகங்களின் கூட்டுச் சொத்து. பிறர் அதை வணிகத்துக்கு எடுத்தால் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. தையல் வேலைப்பாட்டைத் திருடும் உடை நிறுவனங்கள் மீது அதைப் பிரயோகிப்பது ஓரளவு சுலபம். துணியை அருகருகே வைத்துப் பார்க்கலாம். வயல் சடங்கில் கொஞ்சம், மழைச் சடங்கில் கொஞ்சம் எடுத்து வெளியூர்க்காரர் ரசனைக்குக் கோத்த கல்யாணத்துக்கு யாரிடம் ஒப்புதல் கேட்பது? 'நாங்கள் இப்படிக் கல்யாணம் செய்வதில்லையே' என்று அவர்கள் சொன்னால், அது மறுப்பா, அனுமதியா? வழக்கறிஞர்கள் இதை வைத்து வருஷக்கணக்கில் வாதாடலாம். கேட்பதற்கு ஆள் இல்லை என்று மட்டும் எந்த விடுதியும் சொல்ல முடியாது. துலூம் ஊருக்குள்ளேயே சிலுவை மக்களின் கோயில் ஒன்று இருக்கிறது, பெரியவர்களும் இருக்கிறார்கள்.