துணைக்கு ஒரு கேஸ் மாத்திரை எதற்கு?

காய்ச்சலுக்குப் போனாலும் பல்வலிக்குப் போனாலும் மருந்துக் கவரில் ஒரு கேஸ் மாத்திரை சேர்ந்தே வருகிறது. மருந்துக் கடைக்காரர் மறந்தால் நாமே கேட்டு வாங்குகிறோம். எந்த மாத்திரையும் வயிற்றைப் புண்ணாக்கும், கேஸ் மாத்திரை எவருக்கும் கெடுதல் செய்யாது என்ற இரண்டு நம்பிக்கைகள் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டன. இரண்டுமே தவறு.

பாராசிட்டமால் சரியான அளவில் இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை. ஆன்டிபயாடிக்கால் வரும் குமட்டலும் பேதியும் பெரும்பாலும் அமிலத்தால் வருபவை அல்ல; அமிலத்தைக் குறைத்து அவற்றைத் தடுக்க முடியாது. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பைச் சுவரின் காப்பைக் குலைப்பது உண்மைதான். அங்கும் துணை மருந்து முக்கியமாகத் தேவைப்படுவது முதியவர்களுக்கும், முன்பு அல்சர் வந்தவர்களுக்கும், ஆஸ்பிரினோ ஸ்டீராய்டோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ கூடவே எடுப்பவர்களுக்கும்தான். கால் சுளுக்கிக்கொண்டு இரண்டு நாள் வலி மாத்திரை போடும் ஆரோக்கியமான இளைஞருக்குப் பொதுவாக அது தேவையில்லை.

நாம் கேஸ் மாத்திரை என்று சாதாரணமாகச் சொல்வது சாதாரண மருந்தும் அல்ல. 1988-ல் விற்பனைக்கு வந்த ஒமிப்ரசோலும், அதே இனத்துப் பான்டோபிரசோலும் ரபிபிரசோலும் அமிலம் சுரக்கும் பம்புகளையே முடக்குபவை. பம்புகள் இயங்கும்போதுதான் இவற்றால் அவற்றைப் பிடிக்க முடியும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்கச் சொல்கிறார்கள். விருந்து முடிந்து நெஞ்சு எரியும்போது விழுங்கிவிட்டு உடனே குணம் தெரியவில்லை என்று இன்னொன்றைத் தேடுவதில் பொருளில்லை.

“நிறுத்தினால் எரிகிறது, அதனால் எனக்கு இது தேவை” என்பார்கள். டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. நெஞ்செரிச்சல் இல்லாத 120 பேரில் ஒரு பிரிவினருக்கு 8 வாரம் இதே இனத்து எசோமிப்ரசோல் கொடுத்தார்கள். நிறுத்திய பின் அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அமிலத் தொந்தரவு வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கே வந்தது. அடக்கி வைத்த சுரப்பு, மருந்தை விட்டதும் சில வாரங்களுக்கு மிகுந்து எழுகிறது. நோய் இல்லாதவரையும் இந்த மாத்திரை நோயாளியாக்கக்கூடும்.

ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 சத்தும் மெக்னீசியமும் குறையலாம். குடல் தொற்றுக்கான வாய்ப்பு கூடும். சைவ உணவு உண்பவர் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் எடுத்தால் பி12 குறைய மூன்று காரணங்கள் சேர்ந்துவிடுகின்றன. பல கேஸ் கேப்சூல்களில் குமட்டலைத் தடுக்கும் டாம்பெரிடோனும் கலந்திருக்கிறது. இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஐரோப்பாவில் 2014-ல் அதைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் தர வேண்டாம் என்று கட்டுப்படுத்தினார்கள். நம் ஊரில் அது மாதக்கணக்கில் ஓடுகிறது.

உணவுக்குழாய் புண்ணானவர்களுக்கும் அல்சரில் இரத்தம் கசிந்தவர்களுக்கும் அமிலத்தைக் குறைக்கும் இதே மாத்திரை உயிர் காக்கும். அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் மாத்திரையால் மூடி மறைக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வியர்வையோடு நெஞ்சில் அழுத்தம் வந்தால் ‘கேஸ்தான்’ என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒமிப்ரசோல் இன மாத்திரைகள் நம் நாட்டில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். கடைக்காரர்கள் அந்தச் சட்டத்தை மதிக்கட்டும். எழுதித் தரும் மருத்துவர்கள், எதற்காக என்பதோடு எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சீட்டில் எழுதட்டும். எழுதாவிட்டால் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.