விழா நடையும் விருந்து இலையும்

கோயில் திருவிழா என்றதும் நம் மனக்கண்ணில் எழுவன காவடியும் பால்குடமும் மட்டுமல்ல. தலைவாழை இலையும் தண்ணீர்ப் பந்தலும் நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கலும் உடன் எழுகின்றன. பசித்து வந்தவருக்கும் பசியாமல் வந்தவருக்கும் வேறுபாடின்றி இலை விரிக்கும் அன்னதானம் தமிழர் சமய வாழ்வின் பெருமைகளுள் ஒன்று. அதைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும் நம் முன்னோர் வகுத்த விழா ஒழுங்கில் உணவுக்கு முன் நோன்பு இருந்தது. நோன்புக்கும் உணவுக்கும் இடையே நெடிய நடை இருந்தது. இம்மூன்றில் உணவை மட்டும் ஆண்டுக்காண்டு வளர்த்து, மற்ற இரண்டையும் தேயவிட்டு வருகிறோம் என்பதே நம் கவலை.

இக்கவலை வெறும் கற்பனையன்று. சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியரிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. அதாவது, கோயில் மண்டபத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் நீரிழிவு விழுக்காடு 15.6-ஆகக் குறைந்து காணப்பட்டது. ஆனால் உடல் எடை மிகுந்தோரும் பருமன் உடையோரும் சேர்ந்து 54.4 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் சிகிச்சையைத் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோரை அந்நிலைக்குத் தள்ளியது நீரிழிவே. வாரம் மூன்று முறை இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு நான்கு மணி நேரம் கிடக்கும் உறவினர் ஒருவர் இல்லாத தமிழ்க் குடும்பம் ஜொகூரில் அரிதாகி வருகிறது.

ஜொகூர் வாழ் தமிழருக்கு இந்நிலை எவ்வாறு வந்தது? கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த தலைமுறை விடியுமுன் பெரட்டுக்குச் சென்று நின்றது. பின்னர் நிரை நிரையாக நடந்து, மரத்துக்கு மரம் நின்று சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தோளில் காண்டா ஏற்றி ஸ்டோருக்குச் சுமந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பல நூறு மரங்கள். அவையும் மேடும் பள்ளமுமான நிலத்தில். வேலை முடிந்து வீடு திரும்பினால் விறகு, தண்ணீர், கொல்லைக் கீரைப் பாத்தி. அத்தனை உழைப்புக்கும் ஈடாக அவர்கள் தட்டில் சோறு குவிந்திருந்தது. அது தகும். அந்த வாழ்வைப் பொற்காலம் என்று புகழ்ந்து பேசுவோர் லயத்து வீட்டில் மழைக்காலம் கழித்தவர்களாக இருக்கமாட்டார்கள். வறுமையும் நோயும் அங்கும் இருந்தன. ஆனால் தொப்பை இருந்ததில்லை.

அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மாசாயிலும் ஸ்கூடாயிலும் பாசிர் கூடாங்கிலும் தாமான் வீடுகளில் வாழ்கின்றனர். தொழிற்சாலையில் ஓரிடத்தில் நின்று வேலை, காவலர் நாற்காலி, லாரியின் ஓட்டுநர் இருக்கை, அலுவலக மேசை என்று தொழில் மாறிவிட்டது. பல்லாயிரவர் இருட்டோடு எழுந்து மோட்டார் சைக்கிளிலோ பேருந்திலோ பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் செல்கின்றனர்; இருட்டிய பிறகு திரும்புகின்றனர். நெரிசலில் கழியும் நேரம் முழுவதும் இருக்கையில் கழியும் நேரம். பால்மரம் சீவிய தாத்தாவின் சோற்றளவு வீட்டில் தங்கிவிட்டது; அவருடைய நடை மட்டும் தோட்டத்தோடு போய்விட்டது.

நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது உடலுக்கு என்ன செய்யும் என்பதை முதன்முதலில் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று லண்டன் பேருந்துகளைப் பற்றியது. 1953-இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் அதை வெளியிட்டனர். இரட்டைத்தட்டுப் பேருந்தில் ஓட்டுநர் அமர்ந்தே இருப்பார். நடத்துநரோ சீட்டுக் கிழித்துக்கொண்டு நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே பேருந்து, ஒரே சாலை. இருப்பினும் மாரடைப்பு ஓட்டுநர்களையே மிகுதியாகத் தாக்கியது. பின்னர் 1956-இல் மோரிஸ் குழுவினர் சீருடைக் கணக்கையே புரட்டிப் பார்த்தனர். ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்கள் சற்றுப் பருத்திருந்தனர் என்பதும் அதில் வெளிப்பட்டது. ஆகவே பழி முழுவதையும் இருக்கையின் மேல் சுமத்த இயலாது. ஆனாலும் வேலையோடு வேலையாக ஏறி இறங்கும் படிகளுக்கு மதிப்புண்டு என்ற கருத்தைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதிப்படுத்தியுள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று கூறுகிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை அது நீக்கிவிட்டது. மூன்று நிமிடம் படியேறினாலும் பயனே. கோயில் வாசலில் கார் நிறுத்த இடம் தேடி அரைமணி நேரம் சுற்றிச்சுற்றி வருவோர் சற்றுத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து வரலாம். அந்த நடைக்கும் பலன் உண்டு. அதற்கு நேர்த்திக்கடன் தேவையில்லை.

நடை ஒன்றே போதும், எதையும் உண்ணலாம் என்று எண்ணுவோரும் உளர். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. சாதாரண உடல்வாகு உடையவர் அரைமணி நேரம் விரைவாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 150 கலோரி. கையளவு முறுக்கு, அதாவது சுமார் 30 கிராம், அதை அப்படியே திருப்பித் தந்துவிடும். நடந்தது முப்பது நிமிடம். தின்றது இரண்டு நிமிடம். எடையைக் குறைப்பதில் உணவின் பங்கே பெரிது; குறைத்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதிலும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதிலும் நடையின் பங்கு பெரிது. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் முதற்குறளில் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்யும் என்கிறார். மிகுவதும் குறைவதும் எவை என்ற கேள்விக்கு, உணவும் செயலும் என இரண்டையும் சேர்த்து உரை எழுதினார் பரிமேலழகர்.

விழா நாளில் ஒருநாள் உண்பதால் என்ன கெட்டுவிடும் என்பது நியாயமான கேள்வி. அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு விடை உண்டு. அங்கு 195 பேரின் எடையை ஆண்டு இறுதி விடுமுறைக் காலத்திற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கூடிய எடை சராசரியாக 370 கிராம் மட்டுமே. பலரும் அஞ்சியதைவிட மிகக் குறைவு. ஆனால் அந்த 370 கிராம் அடுத்துவந்த மாதங்களில் இறங்கவே இல்லை. அங்கு விடுமுறைக் காலம் ஆண்டுக்கு ஒன்று. நமக்கோ பொங்கல், தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிக்கூழ், தீபாவளி. அவற்றோடு நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அண்டை வீட்டாரின் திறந்த இல்ல உபசரிப்புகள். பல இனத்தாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணும் இந்த நல்ல வழக்கம் நிலைக்க வேண்டும். எனவே கூடுதல் ஒவ்வொரு இலையிலும் சிறிதாக இருந்தாக வேண்டும்.

இனி, விரதம். ஒருபொழுது உண்பதென்பது வயிற்றுக்கு ஓய்வு தருவது. இன்று அந்த ஒருபொழுதில் மூன்று பொழுதின் உணவு அடங்கிவிடுகிறது. சைவம்தானே என்ற துணிவில் எண்ணெயில் பொரித்த வடை, அப்பளம், ஜவ்வரிசிப் பாயசம், அதன் மேல் மீண்டும் சோறு. நாற்பத்தெட்டு நாள் நோன்பிருந்து எடை கூடியவர்களும் உண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர், மருந்தளவை மாற்றாமல் வெறும் வயிற்றோடு நடந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். காப்புக் கட்டும் முன் மருத்துவரைக் கண்டு பேசுவது பக்திக் குறைவன்று.

தண்ணீர்ப் பந்தல் தன் பெயரை மறந்து வருவதையும் சொல்லியாக வேண்டும். வெயிலில் நடந்து வருவோருக்குத் தண்ணீரும் நீர்மோரும் வழங்கியது பழைய பந்தல். இன்று அண்டா அண்டாவாகச் சிவப்பும் பச்சையுமாக இனிப்பு நீர். உலகச் சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள், நிறுத்திக்கொள்வது சிறப்பு என்கிறது. கட்டித்த இனிப்புப் பாலில் ஆற்றிய ஒரு தே தாரிக்கும், பந்தலில் இரண்டு குவளைச் சர்பத்தும் போதும், அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். நூறு மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கலந்து விற்கும் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் வரி விதித்து வருகிறது. அண்டாவில் நாமே கரைக்கும் சர்க்கரைக்கு வரியில்லை. அதை நாமே குறைத்துக்கொண்டால்தான் உண்டு.

பரிமாறும் முறையிலும் மாற்றம் வேண்டும். இலையில் அமர்ந்தவர் கையை மறித்துப் போதும் என்றாலும், இன்னும் ஒரு கரண்டி என்று வற்புறுத்துவதே அன்பு எனக் கொள்கிறோம். மறுத்தவர் மனம் நோகிறார், பரிமாறியவரும் நோகிறார். பிரசாதத்திற்கு உரிய அளவு உள்ளங்கை. அதைக் கண்ணில் ஒற்றி உண்பதோடு வழிபாடு நிறைவுறுகிறது. சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் தட்டு முறையில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது மீன், அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வாழை இலை இதற்கு எவ்வளவு பொருத்தமானது! கூட்டும் பொரியலும் அவியலும் இலையின் மேற்பாதி முழுவதையும் ஆள வேண்டியவை. அவற்றை நகக்கண் அளவு தொட்டுவைத்துவிட்டுச் சோற்றை மலையெனக் குவிப்பது விருந்து இலக்கணத்திற்கே பொருந்தாது.

திருவிழாக் கடைவீதியில் பத்தே நாளில் ஐந்து கிலோ குறைக்கும் பொடி, கொழுப்பைக் கரைக்கும் காப்பி என்று கூவி விற்போரிடம் பக்தர்கள் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம் என எச்சரிக்கிறோம். மருந்துக்குரிய பதிவு எண் இன்றி விற்கப்படும் இத்தகைய பொருள்களில் தடைசெய்யப்பட்ட மருந்துகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்துள்ளது. அந்தப் பணத்திற்கு நல்ல காலணி வாங்கலாம். குளுவாங்கில் 510 மீட்டர் உயரமுள்ள லம்பாக் மலை காத்திருக்கிறது. ஜொகூர் பாருவில் ஹுத்தான் பண்டார் பூங்கா இருக்கிறது. முழங்கால் வலி உடையோருக்குக் கோயில் உட்பிராகாரம் இருக்கிறது. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் வலத்தை மூன்றாக்கலாம், ஒன்பதாக்கலாம்.

ஆலய நிர்வாகத்தாரிடம் நாம் வேண்டுவது பெருஞ்செலவு வைக்கும் காரியமன்று. பந்தலில் முதல் அண்டாவில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். அன்னதானத்தில் இனிப்பு ஒன்றோடு நிற்கட்டும். பல ஆலயங்களில் விழா நாளன்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மேசை போடுகிறார்கள், பாராட்டுக்குரியது. அம்மேசையில் ஓர் அளவுநாடாவும் இருக்கட்டும். ஆசிய உடல்வாகில் கொழுப்பு வயிற்றில் எளிதில் சேர்வதால், ஒல்லியாகத் தோன்றுவோருக்கும் ஆபத்து உண்டு; தராசு காட்டாததை நாடா காட்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டியவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு நடந்தே வருமாறு அழைக்கலாம். மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கலாம்.