சாவி கையில், வண்டி அணைந்ததா?

மனிதன் கண்டுபிடித்த ஒவ்வொரு வசதியும் அவன் கையிலிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது. ஆட்டுக்கல்லின் வேலையை மின்சாரக் கிரைண்டர் எடுத்துக்கொண்டது. கிணற்று ராட்டினத்தின் வேலையை மோட்டார் பம்பு எடுத்துக்கொண்டது. அதில் நமக்கு வருத்தம் இல்லை; மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் கைவேலையோடு சேர்ந்து, நாம் அறியாமலே நம்மைக் காத்துவந்த ஒரு பாதுகாப்பும் போய்விடுமானால், அதற்கு யார் பொறுப்பு? சாவியைத் திருப்பாமல், பொத்தானை அழுத்தி ஓட்டும் ஹைபிரிட் கார்களைப் பற்றிப் படித்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்.

தொடக்கக் காலத்தில் காரைக் கிளப்ப, முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில், சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. 1949-இல் கிரைஸ்லர் நிறுவனம் சாவியைத் திருப்பினாலே இஞ்சின் கிளம்பும் முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் காரோட்டிகளின் கைக்குப் பழகிப்போனது ஒன்றே. திருப்பினால் ஓடும், எதிர்ப்புறம் திருப்பி உருவினால் நிற்கும். சாவி சட்டைப்பையில் இருக்கிறது என்றால் வண்டி நின்றுவிட்டது என்று பொருள். காரைப் பூட்டவும் அதே சாவிதான் வேண்டும். ஆகவே எப்பேர்ப்பட்ட மறதிக்காரராலும் வண்டியை ஓடவிட்டுப் போக முடியாது.

இப்போது வரும் சாவியோ சாவியே அன்று. அது ஒரு சிறு வானொலிக் கருவி. பையில் கிடந்தபடியே காருடன் பேசும். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் வண்டி தயார். நிறுத்தவும் அதே பொத்தான்தான். ஓட்டியவர் அதை அழுத்த மறந்து, சாவியோடு இறங்கிப் போய்விட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான கார்கள் "பீப், பீப்" என்று கூவும். எச்சரிக்கை எழுத்து தோன்றும். ஆனால் வண்டி நிற்காது. இதற்கும் ஒரு காரணம் உண்டு. ஓடும்போது சாவிக்குள் இருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துபோனால், நடுச்சாலையில் இஞ்சின் நின்று விபத்து நேரக்கூடாதல்லவா? அதனால் சாவியின் தொடர்பு அறுந்தாலும் வண்டி தொடர்ந்து ஓடும்படி அமைத்திருக்கிறார்கள்.

சாதாரண பெட்ரோல் காரிலாவது இஞ்சினின் இரைச்சல் நமக்கு நினைவூட்டும். ஹைபிரிட் காரில் அதுவும் இல்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான் இவ்வகைக் கார்களை உலகறியச் செய்தது. இதில் பெட்ரோல் இஞ்சினும் உண்டு, மின்மோட்டாரும் உண்டு. வண்டி நின்றவுடன் இஞ்சின் தானே ஓய்ந்துவிடும். குளிர்சாதனமும் விளக்குகளும் பெரிய பாட்டரியின் மின்சாரத்தில் இயங்கும். பாட்டரியின் சக்தி குறைந்தால், யாரும் கேட்காமலே இஞ்சின் விழித்துக்கொள்ளும். மின்சாரத்தை நிரப்பிவிட்டு மறுபடியும் உறங்கும். பெட்ரோல் தீரும்வரை இப்படியே விழிப்பதும் உறங்குவதுமாக இருக்கும். ஓட்டுநரின் முன்னே "ரெடி" என்று ஒரு சிறு விளக்கு எரிகிறதே, அது ஒன்றுதான் வண்டி உயிரோடு இருப்பதற்கு அடையாளம். எத்தனை அருமையான பொறியியல்! ஆயினும், வீடு வந்து சேர்ந்து, இஞ்சின் ஓய்ந்திருக்கும் அந்த நொடியில் இறங்குகிறவரின் காதுக்கு அது நின்றுபோன வண்டியே.

என் பெரியப்பாவுக்கு அப்படி ஒன்று நிகழ்ந்தது. உறவினர் திருமணத்திற்குப் புது ஹைபிரிட் காரில் வந்தவர், முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டதே என்று மண்டப வாசலில் அவசரமாக இறங்கினார். நாதஸ்வரமும் தவிலும் முழங்கிக்கொண்டிருந்த இடத்தில் "பீப்" ஒலி யார் காதில் விழும்? இரண்டு மணி நேரம் கழித்து மண்டபத்துக் காவலாளி உள்ளே ஓடிவந்தார். "ஐயா, ஆளே இல்லாத வண்டி தானாக உறுமுகிறது, தானாக அடங்குகிறது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதன் பிறகு வீட்டில் நடந்தது எனக்குச் சிரிப்பாக இல்லை. "அவருக்கு வயதாகிவிட்டது, இனித் தனியே கார் எடுக்க விடக்கூடாது" என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பெரியப்பா மறுத்து ஒன்றும் பேசவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பழைய காரை ஓட்டியவர் அவர். ஒருநாள்கூட வண்டியை ஓடவிட்டு வந்ததில்லை. அந்தக் காரில் அவ்வாறு வருவதற்கு வழியே இல்லை. மாறியது பெரியப்பாவா, காரா?

இது ஏதோ திருமண வீட்டு வேடிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். திறந்த வெளியில் நேர்ந்ததால் பெட்ரோல் மட்டுமே வீணாயிற்று. மூடிய கொட்டகையில் நேர்ந்தால் உயிரே போகும். இஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுதலோடு இந்த நச்சுவாயு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். களைப்பு என்று எண்ணிப் படுத்தவர் எழுந்திருப்பதில்லை.

அமெரிக்காவில் பல வீடுகளில் கார் நிறுத்தும் அறை வீட்டோடு ஒட்டியே இருக்கும். குளிருக்காகக் கதவு சன்னல்களை அடைத்திருப்பார்கள். கார் ஓடிக்கொண்டிருந்தால் புகை அறைகளுக்குள் பரவிவிடும். 2018 மே மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியது. பொத்தான் கார்களை அணைக்காமல் விட்டதால் 2006 முதல் குறைந்தது 28 பேர் நச்சுவாயுவால் இறந்தார்கள், 45 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று அது கணக்கிட்டது. அவை எல்லாமே ஹைபிரிட் கார்கள் அல்ல. ஓசை குறைந்த சாதாரண பெட்ரோல் கார்களும் உண்டு. இறந்தவர்களில் பலர் முதியவர்கள். வாழ்நாள் முழுவதும் சாவியைத் திருப்பிப் பழகிய கைகள் அவர்களுடையவை.

இந்த ஆபத்தை எவரும் முன்கூட்டி அறியவில்லையா? அறிந்திருந்தார்கள் என்பதுதான் வேதனை. மோட்டார்ப் பொறியாளர்களின் சங்கம் 2011-ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை ஒலி பற்றிய பரிந்துரைகளை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை, காருக்கு வெளியேயும் கேட்கும்படி உரத்த எச்சரிக்கை ஒலி வேண்டும் என்று ஒரு விதியை முன்வைத்தது. அதற்கு ஆகும் செலவு எல்லாக் கார் நிறுவனங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5,00,000 டாலருக்கும் குறைவுதான் என்றும் கணக்கிட்டது. நிறுவனங்கள் எதிர்த்தன, விதி கிடப்பில் போடப்பட்டது. சில நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து, குறித்த நேரம் கழிந்ததும் இஞ்சின் தானே அணையும் ஏற்பாட்டைச் செய்தன. டொயோட்டா 2020-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அதைச் செய்வதாக 2019-இல்தான் அறிவித்தது. 2021 நவம்பரில் நிறைவேறிய ஒரு பெரிய சட்டத்தில், தானே அணையும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கி விதி வகுக்கும்படி அரசுத் துறைக்குக் கட்டளை இடப்பட்டது. 2011-க்கும் 2021-க்கும் இடையே பத்து ஆண்டுகள்!

"கவனமாக இருக்க வேண்டியது மனிதனின் கடமை, பொறியைக் குறை சொல்வது எப்படி நியாயம்?" என்று சிலர் கேட்கலாம். திருவள்ளுவர்கூட மறதியின் தீமையைச் சொல்லப் 'பொச்சாவாமை' என்று தனி அதிகாரமே வகுத்தாரே என்றும் சொல்லலாம். உண்மைதான். ஆனால் தோழிகளே, அந்த அதிகாரம் திருக்குறளில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பொருட்பாலில், அரசியல் பகுதியில் இருக்கிறது! மறவாமை என்ற கடமையை வள்ளுவர் முதலில் நாடாள்பவனுக்கே சொல்கிறார். பலருடைய வாழ்வு எவர் கையில் இருக்கிறதோ, அவர் மறக்கக் கூடாது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஏறிச் செல்லும் காரைச் செய்பவர் இக்காலத்து அரசர் அல்லவா? வீடு திரும்பும் முதியவர் ஒரு பொத்தானை மறந்தது ஒரு கணத்து மறதி. மனிதர் மறப்பார் என்பதை அந்தப் பெரிய நிறுவனங்கள் மறந்தது பல ஆண்டு மறதி. இரண்டில் எது பெரிய பிழை?

நம் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். பிரஷர் குக்கரைச் செய்தவர்கள், "அம்மா, அடுப்பை அணைக்க மறவாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வெயிட் அடைத்துக்கொண்டாலும், தண்ணீர் வற்றிப்போனாலும், குக்கர் வெடிக்காதபடி மூடியில் சேஃப்டி வால்வு வைத்தார்கள். அம்மா மறப்பார் என்று எண்ணியது அம்மாவுக்கு அவமதிப்பா? இல்லை. தொட்டிலில் குழந்தை அழும், வாசலில் யாரோ அழைப்பார்கள் என்று அறிந்த அன்பு அது. புறநகர் மின்சார ரயிலிலும் ஓட்டுநரின் கை கட்டுப்பாட்டுப் பிடியை விட்டுவிட்டால் வண்டி தானே நிற்கும்படி ஏற்பாடு உண்டு. அதனால் ரயில் ஓட்டுநர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா? நம் கையிலிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொள்ளும் பொறி, அந்த வேலையோடு வந்த காவலையும் தானே ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

"குழந்தை உள்ளே உறங்குகிறது, குளிர்சாதனத்தை ஓடவிட்டுக் காத்திருக்கிறோம். அப்போது வண்டி தானாக அணைந்தால் தொல்லையல்லவா?" என்ற மறுப்பும் உண்டு. இதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் வழி இருக்கிறது. அணையுமுன் வண்டி எச்சரிக்கட்டும். உள்ளே இருப்பவர் ஒருமுறை பொத்தானை அழுத்தித் தொடரட்டும். யாருமே இல்லாத வண்டியில் அழுத்த ஆளிருக்காது, அது அணைந்துவிடும்.

நம் நாட்டிலும் இந்தக் கார்கள் பெருகி வருகின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவை ஹைபிரிட் வடிவில் இங்கே விற்பனைக்கு வந்தன. காற்றோட்டமான போர்ட்டிகோவில் நிறுத்துகிறவர்களுக்குப் புகையால் பயம் குறைவு. ஆனால் ஷட்டர் போட்ட கொட்டகைகளும், வீட்டின் கீழ்த்தளத்தில் அடைத்துக் கட்டிய அறைகளும் நம் ஊர்களிலும் இருக்கின்றன. புகை மட்டுமே ஆபத்தும் அன்று. கியரை ஓடும் நிலையிலேயே விட்டு இறங்கினால், ஓசையில்லாத வண்டி மெல்ல நகர்ந்து, பின்னால் விளையாடும் குழந்தைமீதும் ஏறலாம்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுக் கார் வாங்கும்போது நிறத்தையும் மைலேஜையும் கேட்பதோடு, "மறந்து இறங்கிவிட்டால் இது தானே அணையுமா? எத்தனை நிமிடத்தில்?" என்றும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் விற்பவர்கள் தருவார்கள். அந்த ஏற்பாடு இல்லாத வண்டியானால், பெல்ட்டைக் கழற்றும் முன்பே பொத்தானை அழுத்தும் பழக்கத்தைக் கைக்குக் கற்பியுங்கள். "ரெடி" விளக்கு மறைந்ததா என்று கண்ணால் பாருங்கள், காதை நம்பாதீர்கள். கதவைப் பூட்ட முயலும்போது வண்டி பூட்டிக்கொள்ளாமல் கூவினால், அதன்மேல் கோபப்படாமல் திரும்பிப் பாருங்கள். தோழிகளே, காரிலிருந்து இறங்கும் நாமும் "அப்பா, வண்டி அணைந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். தாத்தா, பாட்டி ஓட்டினால் இன்னும் அன்போடு கேட்கலாம். அவர்கள் கையிலிருந்து சாவியைப் பிடுங்குவதைவிட இது எளிது, மரியாதையும் ஆகும்.

நம்மில் சிலர் நாளை பொறியாளர்கள் ஆவோம். கார்களையும் கருவிகளையும் வரைந்து அமைக்கும் மேசைகளில் பெண்களாகிய நாமும் அமர்வோம். அப்போது, எதையும் மறவாத ஒருவரை மனத்தில் வைத்து எதையும் செய்யாதிருப்போம். களைத்துப்போன தந்தை, கைநிறையப் பைகளோடு இறங்கும் தாய், வயது முதிர்ந்த பாட்டி இவர்களை மனத்தில் வைத்துச் செய்வோம். மறப்பது மனித இயல்பு. அந்த மறதிக்கு உயிரை விலையாகக் கேட்காத பொறிகளைப் படைப்பதே உண்மையான விஞ்ஞான முன்னேற்றம். அதற்கு இன்றே நம்மைத் தகுதியாக்கிக்கொள்வோமாக!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி