வெள்ளிக் காசும் சட்டத்தின் முத்திரையும்

ஆப்பிரிக்க தேசங்கள் சிலவற்றின் பெயரால் அடிக்கப்படும் வெள்ளி நாணயங்கள் உலகச் சந்தையில் மும்முரமாக விலைபோகின்றன. இவை சட்டப்படி செல்லுபடியாகும் நாணயங்கள் என்பதே விற்பவர் கூறும் முதற்பெருமை. அப்பெருமையின் உள்ளீடு யாதென்று நம் ஜனங்கள் ஆராய்ந்தறிதல் அவசியம்.

சோமாலியாவின் மத்திய சர்க்கார் 1991-இல் சிதைந்தது. ஆயினும் 2004 முதல் அத்தேசத்தின் பெயரால் யானை உருவம் பொறித்த வெள்ளி நாணயம் வெளிவருகிறது. அதை அடிப்பது ஜெர்மனியிலுள்ள பவேரிய நாணயசாலை. வாங்குவோர் அந்நிய தேசத்துச் சேகரிப்பாளர். ஓர் அவுன்ஸ் வெள்ளியுள்ள அக்காசில் பொறித்திருக்கும் 100 ஷில்லிங், ஓர் அமெரிக்க டாலரில் கால் பங்கும் பெறாது. தேசத்தின் பெயர் ஓரிடம், உலைக்களம் வேறிடம், சந்தை மற்றோரிடம் என்றால், அது நாணயமா, வியாபாரச் சரக்கா?

அயலாரை நகைக்குமுன் நம் வீட்டையும் நோக்குவோம். 2024-இல் கலைஞர் கருணாநிதி நூற்றாண்டு நினைவாக இந்திய சர்க்கார் 100 ரூபாய் நாணயம் வெளியிட்டது. நம் தேசத்து நாணயசாலையில், நம்மவர் ஒருவரின் நினைவுக்காக அடிக்கப்பட்டது என்ற அளவில் அது உயர்ந்ததே. அதன் எடை 35 கிராம். அதில் பாதி வெள்ளி. அந்த வெள்ளி மாத்திரமே 100 ரூபாய்க்குப் பன்மடங்கு பெறும். ஆகவே அதை எவரும் கடைவீதியில் செலவிடார். சட்டமோ அதற்கு 100 ரூபாய் மதிப்பை மட்டுமே உறுதி செய்கிறது. அதற்குமேல் கொடுக்கும் விலைக்கு வெள்ளிச் சந்தையும் சேகரிப்போர் ஆசையுமே பிணை, சர்க்கார் பிணையன்று.

1940-இல் பிரிட்டிஷ் சர்க்கார் ரூபாயிலிருந்த வெள்ளியைப் பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகக் குறைத்தது. முத்திரை மாறவில்லை, மதிப்பும் ஒரு ரூபாயே. ஆயினும் ஜனங்கள் பழைய ரூபாயைப் பெட்டியில் பூட்டிப் புதியதைச் செலவிட்டனர். காங்கேயத்தை அடுத்த காத்தாங்கண்ணியில் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளும் இதையே கூறும். ரோமாபுரிச் சட்டம் கொங்குநாட்டில் செல்லாது. நம் முன்னோர் ஏற்றது வெள்ளியை, சக்கரவர்த்தியின் தலையையன்று.

பனியன் ஆலைகளில் உழைத்துச் சேர்த்த கூலியை வெள்ளியாக்க விரும்பும் குடும்பங்கள் இப்பக்கத்தில் அநேகம். அவர்கள் முத்திரையைக் கண்டு மயங்காமல் எடையையும் மாற்றையும் கேட்டு வாங்குக. விளம்பரந்தோறும் வெள்ளியின் எடை, முகமதிப்பு, விற்பனை விலை ஆகிய மூன்றையும் சேர்த்தே வெளியிடும்படி சர்க்கார் விதி செய்க. தேசத்தின் முத்திரை ஜனங்களுக்கு அளித்த வாக்குறுதி. அதை விலைகூட்டும் அலங்காரமாக்குதல் தகாது.