பெயர் விழுந்த பாய்

பாபநாசம் பக்கத்து வாசகர் ஒருவர், நெல்லை அரிசியாக்கி நேரடியாக விற்கப் பார்த்திருக்கிறார். கடைக்காரர் கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. மூட்டைகள் வீட்டிலேயே நிற்கின்றன. என்ன வழி என்கிறார்.

ஆற்றோடு கிழக்கே போனால் பத்தமடை. கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயமேற்றி நெய்யும் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்து தருவார்கள். பெயர் விழுந்த பாயை வேறு யாருக்கு விற்பது? அதனால் கேட்டவருக்கு மட்டும்தான் அது தறியேறும், தேங்காது. வாங்குபவரும் கடைப் பாயோடு விலையை ஒப்பிடமாட்டார்.

அரிசியிலும் இதைச் செய்யலாம். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைக்கு அரைக்கிலோ அரிசி, மேலே மணமக்கள் பெயர். முன்பணம் வாங்காமல் அச்சடிக்க வேண்டாம். கல்யாணம் நின்றால் பை யாருக்கும் ஆகாது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண், எடை, பொட்டலமிட்ட தேதி பையில் இருக்கட்டும். கார் நெல் வீடு வந்து சேர, ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். மண்டபக்காரர்களிடம் இப்போதே கேட்டு வைக்கலாம்.